கான்ட்ராஸ்ட் மீது போட்ட பழி: முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு,

பொது மருத்துவமோ ரேடியாலஜியோ, எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே உங்களைத் துரத்தத் தொடங்குவது தீசிஸ் தலைப்பு. அப்போது கைக்கு எளிதாக அகப்படும் தலைப்புகளில் ஒன்று, ‘கான்ட்ராஸ்ட் ஊசியால் வரும் சிறுநீரகப் பாதிப்பு எத்தனை சதவீதம்’ என்பது. சிடி ஸ்கேனுக்கோ ஆஞ்சியோவுக்கோ வருகிறவர்களுக்கு டை போடும் முன் ஒரு கிரியாட்டினின், 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. 25 சதவீதமோ 0.5 மில்லிகிராமோ ஏறியிருந்தால் பாதிப்பு என்று குறித்துக்கொள்ள வேண்டியது. நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, செலவும் இல்லை, எத்திக்ஸ் கமிட்டியிலும் பெரிய கேள்வி எழாது. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். டை போடாத நோயாளிகளையும் அதே அளவுகோலால் அளக்காத எந்த ஆய்வையும் இந்தத் தலைப்பில் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளை அடுக்கி அடுக்கித்தான், உள்ளதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும் ஒரு நோயை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டாக நம்பியது. அந்த நம்பிக்கையின் விலையை ஸ்கேன் மறுக்கப்பட்டவர்கள் கொடுத்தார்கள்.

நம்பிக்கை பிறந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 1954-இல் மைலோமா புற்றுநோய் உள்ள ஒருவருக்கு நரம்பு வழியாக அயோடின் மருந்து செலுத்தி சிறுநீரக எக்ஸ்ரே எடுத்தபின் சிறுநீர் வருவதே நின்றுபோனதாக டென்மார்க்கிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அக்காலத்துக் கான்ட்ராஸ்ட் மருந்துகளின் அடர்த்தி ரத்தத்தைவிட ஐந்து மடங்கு, அதற்கும் மேலே. 1980-களில் அடர்த்தி குறைந்த மருந்துகள் பரவின. 1995-இல் ஏறத்தாழ 1,200 பேரை வைத்து நடந்த ஒரு சமவாய்ப்புச் சோதனை, ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆஞ்சியோ செய்யும்போது பழைய மருந்தைவிட அடர்த்தி குறைந்த மருந்து குறைவாகவே கெடுதி செய்கிறது என்று காட்டியது. ஆகவே கான்ட்ராஸ்ட் ஒருபோதும் யாருக்கும் தீங்கு செய்ததில்லை என்பது என் வாதம் அல்ல. பழைய மருந்து, தமனி வழிச் செலுத்தல், பெரிய அளவு, கெட்டுப்போன சிறுநீரகம் என்று ஒரு மூலையில் நிரூபணமான ஆபத்தை, இன்றைய மருந்தைக் கை நரம்பில் போட்டுக்கொள்ளும் எல்லோர் மேலும் அப்படியே ஏற்றிவைத்தோம் என்பதே என் வாதம். அப்படி ஏற்றிவைக்கத் துணைபோனவை ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகள்.

கிரியாட்டினின் எப்படிப்பட்ட அளவுகோல் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் தீசிஸ் எழுதும்போது மறந்துவிடுகிறது. அது தசையிலிருந்து வருகிறது. வடிகட்டப்படுவதோடு சிறுநீரக நுண்குழல்கள் வழியாகவும் கொஞ்சம் வெளியேறுகிறது. கோட்ரைமாக்சசோல் மாத்திரையிலுள்ள டிரைமெத்தோபிரிம் அந்த வழியை அடைத்துவிடுவதால், சிறுநீரகத்துக்கு ஒரு கேடும் இல்லாமலேயே எண் ஏறும். ஒரு வேளை இறைச்சிச் சாப்பாட்டுக்கும் ஏறும். ஜாஃபே முறையில் அளக்கும் லேபில் மஞ்சள் காமாலைக்காரரின் ரத்தம் ஓர் எண்ணையும், என்சைம் முறையில் வேறோர் எண்ணையும் தரும். இத்தனைக்கும் மேலே, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனிதரின் கிரியாட்டினின் சும்மா இருந்தாலே ஏறி இறங்கும். நியூயார்க்கில் இதை நேராகவே அளந்து பார்த்தார்கள். கான்ட்ராஸ்ட் வாசனையே படாத 32,161 உள்நோயாளிகளின் ஐந்து நாள் தொடர் கிரியாட்டினினை எடுத்து வைத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 25 சதவீதமாவது மாறியிருந்தது. 2008-இல் வெளியான முடிவு அது. இவர்களுக்கெல்லாம் முதல் நாள் ஒரு சிடி எடுத்திருந்தால், எண் ஏறியவர்கள் அத்தனை பேரும் கான்ட்ராஸ்ட் கணக்கில் எழுதப்பட்டிருப்பார்கள்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. புள்ளியியல் வகுப்பில் கேட்டிருப்பீர்கள், வார்டில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காய்ச்சலோடு சேர்ந்த ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.6. ‘இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்’ என்கிறோம். மறுநாள் 1.2 வருகிறது, உடனே ஸ்கேனுக்கு அனுப்புகிறோம். இரண்டு நாள் கழித்து மீண்டும் 1.6. மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், ஆகவே கான்ட்ராஸ்ட் பாதிப்பு! எண் தாழ்ந்திருக்கும் நாளாகப் பார்த்து நாமே தேர்ந்தெடுத்துவிட்டு, அது பழைய இடத்துக்குத் திரும்பியதை மருந்தின் குற்றமாக எழுதுகிறோம். முன்பின் அளவீடு மட்டுமே உள்ள எந்த ஆய்வும் இந்தக் கண்ணியிலிருந்து தப்ப முடியாது. அதற்கிடையில் அதே நோயாளிக்கு அந்த மூன்று நாளில் அமிகாசின் ஓடியிருக்கலாம், வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டிருக்கலாம், ரத்த அழுத்தம் ஒரு ராத்திரி முழுக்கத் தாழ்ந்திருக்கலாம். டையின் மேல் பழி விழுந்ததும் இவற்றை யாரும் தேடுவதில்லை. கேஸ் ஷீட்டில் அமிகாசின் அடுத்த நாளும் தொடர்கிறது.

அசிட்டைல்சிஸ்டைன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன ஆய்வுகளின் பலம் பலவீனம் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜெர்மானிய மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிறுநீரகம் பழுதான 83 பேருக்கு சிடி. ஒரு பகுதியினருக்கு 600 மில்லிகிராம் அசிட்டைல்சிஸ்டைன் தினம் இருவேளை. மருந்து எடுத்த 41 பேரில் ஒருவருக்கும், எடுக்காத 42 பேரில் ஒன்பது பேருக்கும் கிரியாட்டினின் ஏறியது. இரண்டு சதவீதம் எங்கே, 21 சதவீதம் எங்கே! மலிவான மருந்து, ஆபத்தும் அதிகமில்லை. உலகம் முழுவதும் வார்டுகளில் அது வழக்கமாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் பத்துப் பேருக்கு நேர்ந்த எண் மாற்றம் அது; ஒருவருக்குக்கூட டயாலிசிஸ் தேவைப்படவில்லை. 2004-இல் வேறொரு குழு, கான்ட்ராஸ்டே போடாமல் உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு அசிட்டைல்சிஸ்டைன் மட்டும் கொடுத்துப் பார்த்தது. கிரியாட்டினின் இறங்கியது, சிறுநீரக வடிகட்டலைக் காட்டும் இன்னொரு அளவான சிஸ்டாட்டின் சி அசையவில்லை. மருந்து சிறுநீரகத்தைக் காக்காமல் அளவுகோலை மட்டும் தள்ளியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. பின்வந்த சில சிறு ஆய்வுகள் அந்த விளைவைக் காணவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐயத்தைத் தீர்த்தவை பெரிய சோதனைகள். பிரேசிலில் 46 மையங்களில் 2,308 பேரை வைத்து நடந்த ஆக்ட் சோதனை 2011-இல் வெளியானது: மருந்து எடுத்தவர்களிலும் 12.7 சதவீதம், எடுக்காதவர்களிலும் 12.7 சதவீதம். அடுத்து பிரிசர்வ் சோதனை, 5,177 பேர். அது 48 மணி நேர எண்ணோடு நிற்கவில்லை; 90 நாளில் மரணமா, டயாலிசிஸா, நிரந்தரக் கிரியாட்டினின் ஏற்றமா என்று கேட்டது. அசிட்டைல்சிஸ்டைன் குழுவில் 4.6 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 4.5. பைகார்பனேட் திரவத்துக்கும் உப்பு நீருக்கும் வேறுபாடு இல்லை. தொடர்வதில் பயனில்லை என்று இடைக்கணக்கிலேயே சோதனை நிறுத்தப்பட்டது. 2004-இல் வெறும் 119 பேரை வைத்து பைகார்பனேட்டைப் புகழ்ந்த சோதனையும் இதோடு விழுந்தது.

தடுப்பு மருந்துகள் தோற்றதால் நோயே இல்லை என்றாகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. அதற்குத்தான் ஒப்பீடு வேண்டும். மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2013-இல், கான்ட்ராஸ்டோடு ஸ்கேன் எடுத்தவர்களையும் பிளெயின் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட 13 ஆய்வுகளை, ஏறத்தாழ 26,000 பேரின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு ஒரு பக்கம் 6.4 சதவீதம், மறுபக்கம் 6.5. டயாலிசிஸிலும் மரணத்திலும்கூட வேறுபாடில்லை. ஒப்பீட்டுக் குழுவின் மதிப்பை இதைவிடத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் கால்நடை மருத்துவத்துக்குப் போக வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் படிந்திருந்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. அதோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் ஒன்றும் நிரூபணமாகியிருக்காது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளையும் சோதித்தார்கள். ஒன்றில்கூட அந்த மருந்து இல்லை. பிறகு மருந்து கொடுத்த கால்நடைகளின் இறைச்சியைப் பறவைகளுக்கு ஊட்டிப் பார்த்தும் உறுதி செய்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வைத் தொடர்ந்து 2006-இல் இந்தியா மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதைத் தடைசெய்தது. ஒரு மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று சொல்ல அந்த 13 பறவைகள் தேவைப்பட்டன. நம் தீசிஸ்களில் விட்டுப்போவது அந்தப் பதின்மூன்றுதான்.

மேயோ ஆய்வுகளுக்கு எதிராக ஒரு கூர்மையான ஆட்சேபம் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யாருக்கு டை போடலாம், யாருக்கு வேண்டாம் என்பதை மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வதில்லை. சிறுநீரகம் ஆட்டம் காணும் நோயாளியைப் பார்த்ததும் பிளெயின் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே பிளெயின் குழுவில் மோசமானவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். கான்ட்ராஸ்டின் தீமை அந்த ஏற்றத்தாழ்வில் மறைந்துபோகலாம். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எத்தனை காரணிகளைப் பொருத்திக் கணக்கிட்டாலும் மருத்துவரின் மனதில் ஓடியது கணினிக்குத் தெரியாது. இதற்கு ஒரு அழகான விடை கனடாவிலிருந்து வந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் டி-டைமர் பார்ப்பார்கள். 500-க்கு மேலே போனால் கான்ட்ராஸ்டோடு சிடி, கீழே இருந்தால் பெரும்பாலும் இல்லை. 490 வந்தவருக்கும் 510 வந்தவருக்கும் உடல்நிலையில் என்ன பெரிய வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் ஒருவருக்கு டை போடப்பட வாய்ப்பு மிக அதிகம், மற்றவருக்குக் குறைவு. அங்கே பிரித்தது மருத்துவரின் அச்சம் அல்ல, லேபின் ஒரு கோடு. 1,56,028 பேரின் கணக்கை அந்தக் கோட்டின் இருபுறமும் வைத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் வரை சிறுநீரகச் செயல்பாட்டில் கான்ட்ராஸ்டால் வந்த குறை எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதில் குறைவு என்பதால் அவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வரம்பை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

‘எதற்கு வம்பு, ஜாக்கிரதையாக இருந்தால் என்ன நஷ்டம்’ என்பதுதான் வார்டில் அடிக்கடி எழும் அடுத்த மறுப்பு. நஷ்டம் இருக்கிறது. பெருநாடி கிழிந்திருப்பதும், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதும் பிளெயின் சிடியில் பெரும்பாலும் தெரியாது. குடல் அழுகத் தொடங்கியவருக்கு கிரியாட்டினின் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடலின் நீளத்தில் கழிகிறது. மாரடைப்போடு வந்த முதியவர்களைப் பற்றி 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆஞ்சியோ தேவை என்று விதிமுறைப்படி தகுதி பெற்றிருந்தும் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ பாதியளவே அது செய்யப்பட்டிருந்தது. செய்துகொண்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள். அதுவும் கண்காணிப்பு ஆய்வுதான், நான் மேலே சொன்ன ஆட்சேபம் அதற்கும் பொருந்தும். ஆனால் பயம் சிகிச்சையைப் பாதியாக்கியது என்ற பகுதிக்கு விளக்கம் தேவையில்லை. தடுப்புக்கென்று ஏற்றும் உப்பு நீரும் வெறும் தண்ணீர் அல்ல. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் நடந்து 2017-இல் வெளியான அமேசிங் சோதனையில், வடிகட்டும் வேகம் 30 முதல் 59 வரை இருந்த 660 பேரில் பாதிப் பேருக்கு டிரிப் ஏற்றினார்கள், பாதிப் பேருக்கு ஒன்றுமே செய்யவில்லை. பாதிப்பு ஏற்றியவர்களில் 2.7 சதவீதம், ஏற்றாதவர்களில் 2.6. டிரிப் ஏற்றியவர்களில் 5.5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு உள்ளிட்ட சிக்கல்கள் வந்தன. தடுக்கப்பட்டது ஒன்றுமில்லாதபோது இந்தச் சிக்கல்களுக்கு யார் பொறுப்பு?

எண்ணை நோயாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் கான்ட்ராஸ்டோடு நிற்பதில்லை. சர்க்கரை நோய்க்கான கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைத் தொடங்கிய முதல் வாரங்களில் கிரியாட்டினின் சற்றே ஏறும். 48 மணி நேர எண்ணைக் கொண்டு தீர்ப்பெழுதியிருந்தால் அவற்றைச் சிறுநீரக நஞ்சு என்று ஒதுக்கியிருப்போம். 4,401 பேரை வைத்து நடந்த கிரெடென்ஸ் சோதனை 2019-இல் வெளியானபோது, கானகிளிஃப்ளோசின் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பது உள்ளிட்ட கடும் விளைவுகளை 30 சதவீதம் குறைத்திருந்தது. நேர் எதிரானதும் நடந்திருக்கிறது. பார்டாக்சலோன் என்ற மருந்து 2011-இல் வடிகட்டும் வேகத்தை உயர்த்திக் காட்டியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2,185 பேரோடு தொடங்கிய பெரிய சோதனையை 2012-இல் அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று, மருந்து எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு கூடியதால். ஒன்றில் எண் கெட்டு நோயாளி பிழைத்தார். மற்றதில் எண் நன்றாகி நோயாளி கெட்டார். நாளை நீங்கள் எந்த மருந்தின் சிறுநீரக விளைவை ஆராய்ந்தாலும் இந்த இரண்டையும் மேசையில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரி, மூன்று வருடப் படிப்பில் டியூட்டிக்கு நடுவே நூறு நோயாளிகளோடு நாங்கள் என்ன செய்ய முடியும் என்பீர்கள். இந்தக் கேள்வியில் உள்ள வருத்தம் உண்மையானது. நிதியும் ஆளும் தராமல் ஆய்வு மட்டும் கேட்கும் ஏற்பாடு உங்கள் தவறல்ல. சிறு ஆய்வுகள் பின்னாளில் பெரிய தொகுப்புக்கு உதவுமே என்றும் சிலர் சொல்வார்கள். உதவலாம், ஒப்பீடு இருந்தால். ஒப்பீடு இல்லாத நூறு ஆய்வைத் தொகுத்தாலும் அதே பிழை நூறு மடங்கு உறுதியோடு வெளிவரும். நல்ல முடிவு வந்தவை அச்சேறி, ஒன்றும் காணாதவை அலமாரியில் கிடந்தால் தொகுப்பு இன்னும் கோணலாகும். இதற்கு மாற்று உங்கள் கையிலேயே இருக்கிறது. நான்கைந்து கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து ஒரே படிவத்தை வைத்துக்கொண்டால், ஆளுக்கு நூறு என்பது விரைவில் ஐந்நூறாகும். அவரவர் கல்லூரிப் பகுதியை அவரவர் தீசிஸாக எழுதலாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்ததும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் ஆய்வைப் பதிந்துவிடுங்கள். கண்காணிப்பு ஆய்வையும் அங்கே பதியலாம். எதை அளப்போம், எப்போது அளப்போம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஆய்வை, முடிவு எப்படி வந்தாலும், பிறகு யாராலும் அலமாரியில் மறைக்க முடியாது.

இன்னும் விடை தெரியாத இடம் ஒன்று இருக்கிறது, நம் ஊரில் அதற்கு நோயாளிகள் ஏராளம். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, தடுப்பு உப்பு நீரை, வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே போய் டயாலிசிஸுக்கு வராதவர்களுக்கும், சிறுநீரகம் அப்போதே திடீர்ப் பாதிப்பில் இருப்பவர்களுக்கும் என்று சுருக்கியது. அந்த எல்லைக்குள் உண்மையில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு நல்ல சான்று மிகக் குறைவு. ஆஞ்சியோவில் கதீட்டர் உரசிச் சிதறும் கொழுப்புத் துகள்களும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், அங்கே டையின் பங்கைப் பிரித்தெடுப்பது இன்னும் கடினம். ஆகவே உங்கள் படிவத்தில் டை நரம்பிலா தமனியிலா, எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதைக் குறியுங்கள். அதே வாரத்தில் ஓடிய அமிகாசின், வலி மருந்து, தாழ்ந்த ரத்த அழுத்தம், ஸ்கேனுக்கு முன் மூன்று நாளின் கிரியாட்டினின், எந்த லேப், எந்த முறை என்பதையும் குறியுங்கள். டிஸ்சார்ஜோடு விட்டுவிடாமல் 90-ஆவது நாளில் நோயாளிக்கோ குடும்பத்துக்கோ ஒரு போன் செய்யுங்கள். தலைப்பை மாற்ற முடியாது என்று கைடு சொன்னால் தலைப்பு அப்படியே இருக்கட்டும். டை போட்ட ஒவ்வொருவருக்கும் பக்கத்தில், அதே வாரம் அதே வார்டிலிருந்து பிளெயின் சிடிக்குப் போன ஒருவரின் பெயரைச் சேர்த்து, அவருடைய கிரியாட்டினினையும் அதே 48 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வுகளைக் காத்திருந்து படிக்கும் ஒருவர்